மூன்றாம் மாடிக் கடற்கன்னி

மொன்றியலில் வாழும் மட்டக்களப்பாரின் சங்கமான மட்டுநகர் ஒன்றியத்தின் கடிதத் தலைப்பில் ஒரு கடற்கன்னி யாழ் மீட்டிக்கொண்டிருப்பாள். பொதுக்கூட்ட அழைப்பு, செத்தவீட்டு அந்தியேட்டி அறிவித்தல், கரம் பலகைப் போட்டி முடிவுகள் என்று எல்லாவற்றையும் பதினெட்டு வருடமாக ஒரே புன்னகையோடு மேலிருந்து பார்த்து வந்தவள் அவள். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறையில் கூடிய நிர்வாகக் குழு, வரும் கோடை ஒன்றுகூடலில் அவளை உயிரோடு இறக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

யோசனை தலைவர் அருமைநாதனுடையது. ஒன்றியத்தின் சிறப்பு மலரை ஒவ்வொரு வருடமும் ஒரு பிரமுகர் வெளியிட, இன்னொரு பிரமுகர் முதற் பிரதியைப் பெற்றுக்கொள்வார். இந்த முறை, நீச்சல் குளத்தின் ஒரு கரையிலிருந்து கடற்கன்னி ஒருத்தி மலரை நீந்திக்கொண்டு வந்து தலைவரின் கையில் கொடுப்பாள். மலர் நனையாமலிருக்கப் பொலித்தீன் உறை போடப்படும்.

“எங்கட ஊர் மீன் பாடுற ஊர். மத்த ஊர்க்காரன் தண்ணிக்குள்ள என்னத்த இறக்குவான்? பனைமரத்தையா?” என்று கேட்டார் அருமைநாதன்.

உடுப்பைப் பற்றி நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. இடுப்புக்கு மேலே முழுக்கைச் சட்டை, இடுப்புக்குக் கீழே மீன் என்று முடிவாயிற்று. அதாவது மேலே கலாசாரம், கீழே கடல்.

கடற்கன்னியாக இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று மேனுகா. பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம், பார்க் எக்ஸ்டென்ஷனில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. மற்றது செலீன். அதே வயது, மேனுகாவின் அப்பாவுடைய தங்கையின் மகள், முறைக்கு மச்சாள். அவள் இருப்பது ரொக்ஸ்பரோவில். சொந்த வீடு, பின்வளவு, பின்வளவில் இருபத்துநாலு அடி அகலத்தில் வட்டமாக ஒரு நீச்சல் குளம்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வாலோடு நீந்தவிட்டுப் பார்த்து ஆளைத் தெரிவுசெய்வது என்று தலைவர் அறிவித்தார். எங்கே நீந்தவிட்டு? செலீன் வீட்டுக் குளத்தில்தான். நடுநிலைமை என்றால் நடுநிலைமைதான்.

மேனுகாவுக்கு இந்த வால் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், ஒன்றியத்தின் பழைய வீடியோக் கசெற்றுகளைத்தான் போட்டுப் பார்க்கவேண்டும். எட்டு வயதில் செலீன் இளவரசி, மேனுகா தோழி. பத்து வயதில் செலீன் மழை, மேனுகா தவளைகளில் ஒன்று. பதினாலு வயதில் செலீன் கண்ணகி. மேனுகா திரை இழுத்தாள். கசெற்றில் திரை விலகும்போது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அதுதான் அவள். பதினொரு வருடத்துக் கலை வாழ்க்கையில் அந்த முழங்கைதான் மிச்சம்.

இதைப் பொறாமை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ‘அநியாயம்’ என்றுதான் சொல்வாள்.

இரண்டு வாலையும் தைக்கும் பொறுப்பு மேனுகாவின் அம்மா யோகமலரின் தலையில் விழுந்தது. யோகமலர் நீச்சல் உடுப்புத் தொழிற்சாலையில் பதினாலு வருடமாகத் தைப்பவள். இந்த மாகாணத்துப் பெண்களில் பாதிப் பேரின் இடுப்புச் சுற்றளவு அவளுக்கு மனப்பாடம். தொழிற்சாலையில் மலிவுக்குப் போட்ட துணிகளில் செதில் அச்சடித்த, பச்சையும் வெள்ளியுமாக மின்னும் ஒரு லைக்ரா துண்டு கிடைத்தது. மேசையில் விரித்துப் பார்த்தாள். ஒரு வாலுக்குத்தான் காணும். கூடவே, போன வருடம் விற்காமல் போன நிறத்தில் இன்னொரு துண்டும் இருந்தது. கடையில் அந்த நிறத்துக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அது மைசூர்ப் பருப்பின் நிறமாக இருந்தது.

“பச்சை செலீனுக்கு,” என்றாள் யோகமலர்.

“அது ஏன் அவளுக்கு?”

“உன்ட மாமி என்ன நினைப்பா? தன்ட புள்ளைக்கு நல்லதை எடுத்திட்டு எங்களுக்குக் கழிவைத் தந்தாள் எண்டு காலம் முழுக்கக் கதைப்பா.”

“அப்ப எனக்குக் கழிவா?”

“நீ என்ட புள்ளதானே.”

இந்த ஒரு வசனத்துக்குள் தன் முழு வாழ்க்கையும் அடங்கியிருப்பதாக மேனுகாவுக்குப் பட்டது. சொந்தப் பிள்ளையாகப் பிறந்ததுதான் அவள் செய்த ஒரே பிழை. அம்மாவின் கையால் நல்லது கிடைக்கவேண்டுமென்றால் அம்மாவின் மச்சாளுக்குப் பிறந்திருக்க வேண்டும்.

வால் என்றால் நுனியில் செட்டை வேண்டும். செலீனின் அப்பா அல்பேட் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், நீச்சல் வீரர்கள் இரண்டு காலையும் ஒன்றாக நுழைக்கும் அகலமான றப்பர்த் துடுப்பு ஒன்றை வாங்கி வந்தார். மேனுகாவின் அப்பா சிவானந்தம் நிலவறைக்குப் போய் ஒரு தேர்தல் விளம்பரத்தைத் தூக்கி வந்தார். மார்ச்சில் மாகாணத் தேர்தல் நடந்தபோது ஒன்றியத்தின் சார்பில் ஒரு வேட்பாளருக்கு மின்கம்பங்களில் படம் கட்டியவர் அவர். தேர்தல் முடிந்து கழற்றியதில் ஏழு மிச்சம். உள்ளே ஓட்டை ஓட்டையாகக் குழாய் ஓடும் கெட்டியான பிளாஸ்ரிக் அட்டை.

“மழைக்கும் பனிக்கும் அசையாத சாமான், மகள். இந்தா, வளைச்சுப் பார்.”

வெட்டி, செட்டையாக்கி, பருப்பு நிறத் துணிக்குள் வைத்துத் தைத்தார்கள். காய்ந்திருக்கும்போது ஒரு குறையும் இல்லை. நனைந்தால்தான் துணியினூடே வேட்பாளரின் பல்வரிசை தெரிந்தது.

“சிரிச்ச முகம்தானே, இருக்கட்டும்,” என்றாள் யோகமலர்.

வால் வந்துவிட்டது. தண்ணீர்தான் இல்லை. செலீன் பெருந்தன்மையோடு தொலைபேசியில் கூப்பிட்டாள். இந்தப் பெருந்தன்மைதான் மேனுகாவால் தாங்கமுடியாத விசயம்; கெட்டவளாக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம்.

“எங்கட பிசீனுக்கு வாவன் மச்சாள். நானும் தனியத்தானே நீந்துறன்.” நீச்சல் குளத்துக்கு அவள் வீட்டில் பிரெஞ்சுப் பெயர்தான்.

“இல்லையடி. எங்களுக்கு இஞ்ச பக்கத்திலயே இடம் இருக்கு,” என்றாள் மேனுகா.

பக்கத்திலே இருந்த இடம் குளியல் தொட்டி. தொட்டி நாலரை அடி. மேனுகா ஐந்து அடி மூன்று அங்குலம், செட்டையோடு ஏழு. உடம்பைத் தண்ணீருக்குள் வைத்தால் வால் கொமட் மூடிமேல் கிடந்தது. வாலை உள்ளே வைத்தால் தலை வாசற்படிக்குப் போனது. ஆகவே படுத்து, வாலை மேலே தூக்கி, இடுப்பை மட்டும் ஆட்டிப் பழகினாள். அந்த ஆட்டத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு முகமது யாசின்; ஊர் முறைப்படி மேனுகாவுக்கு ‘காக்கா’, அதாவது அண்ணன். காத்தான்குடிக்காரர், வீட்டிலிருந்தே கடைகளுக்கு ரொட்டி போட்டுக் கொடுப்பவர்.

“தங்கச்சி, ஒங்கட வீட்டுக்குள்ள மழையா? என்ட மாவில சொட்டுது.”

“ஸொறி காக்கா. குளிச்சனான்.”

“மூணு மணித்தியாலமாவா?” அவர் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவில் வால் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வேட்பாளரும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “இவருக்குத்தான் நான் வோட்டுப் போட்ட,” என்று சொல்லிவிட்டு யாசின் மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அடுத்தது நகரசபையின் உள்ளக நீச்சல் குளம். உடுப்பு மாற்றும் அறையில் வாலுக்குள் புகுந்து, அங்கிருந்து குளக்கரை வரை முயல் மாதிரித் துள்ளிப் போனாள். உயிர்காப்பாளன் விசில் ஊதினான். இரண்டு காலும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று பிரெஞ்சில் விளக்கினான். அது எந்த விதியில் இருக்கிறது என்று மேனுகாவும் பிரெஞ்சிலேயே கேட்டாள். சுவரில் பதின்மூன்று விதிகள் தொங்கின. சாப்பிடக்கூடாது, ஓடக்கூடாது, புண்ணோடு இறங்கக்கூடாது என்று எல்லாம் இருந்தது. வாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் வெட்கப்பட்டு மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் வந்து பார்த்துவிட்டு ஒரு பேனாவைக் கேட்டார். அன்று பின்னேரம் பதினாலாவது விதி கையெழுத்தில் இருந்தது: கடற்கன்னிகளுக்கு அனுமதி இல்லை. பதினொரு வருடத்தில் பொது இடமொன்றில் அவளை முன்னிட்டு எழுதப்பட்ட முதல் வாசகம் அதுதான்.

ஜூன் பிறந்ததும் பூங்காவில் குழந்தைகளின் குளத்தைத் திறந்தார்கள். ஆழம் முழங்காலுக்குக் கீழே. விதிகள் இல்லை, ஏனென்றால் அதற்குள் நீந்த யாரும் முயன்றதில்லை. மேனுகா வயிற்றால் ஊர்ந்தாள். பக்கத்து ‘கார்தெரி’ என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்த நாலு வயதுக் குழந்தைகள் கரையில் நின்று பார்த்தார்கள். ஒரு சிறுமி பிரெஞ்சில் கேட்டாள், “மடாம், உங்களுக்குச் சுகமில்லையா?”

“நான் கடற்கன்னி.”

சிறுமி வாலை ஊன்றிக் கவனித்தாள். “ஏன் உள்ளே ஒரு மாமா இருக்கிறார்?”

ஒவ்வொரு இரவும் படுக்கும்போது ரொக்ஸ்பரோக் குளம்தான் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரத்தில் அது நீல மூடியால் போர்த்தப்பட்டுக் கிடக்கும். குளத்துக்கே ஒரு போர்வை! இங்கே மேனுகாவின் போர்வை தலைக்கு இழுத்தால் காலுக்குக் காணாது. செலீன் காலையில் எழுந்து, பல் விளக்கி, கதவைத் திறந்தால் தண்ணீர். பஸ் இல்லை, விசில் இல்லை, யாசின் காக்கா இல்லை. அவளுடைய தலைமயிரில் எப்போதும் லேசாகக் குளோரின் மணக்கும். ஒருநாள் மேனுகா மருந்துக் கடையில் அந்த மணத்தில் ஒரு ஷாம்பு இருக்கிறதா என்று தேடியே பார்த்தாள். வெட்கத்தோடு சொல்லவேண்டிய விசயம். அவள் யாருக்கும் சொல்லவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு வந்தது. பஸ் எடுத்து, ரயில் எடுத்து, வாலைப் பாய் மாதிரிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவோடு ரொக்ஸ்பரோவுக்குப் போனாள். அருமைநாதன் கழுத்தில் நிறுத்தற் கடிகாரத்தோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அவருக்கு வரிசையெல்லாம் தேவையில்லை. அங்கே இருந்ததே ஐந்து கதிரை.

விதி: போன வருட மலரை ஒரு கையில் பிடித்தபடி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

செலீன் முதலில் இறங்கினாள். பச்சையும் வெள்ளியும் தண்ணீரில் நெளிந்தது. வால் மேலே வந்து, ஒரு தரம் தட்டி, உள்ளே போனது. அல்பேட் மாமா கைதட்டினார், செலீனின் அம்மாவான ரொக்ஸ்பரோ மாமி கண்ணைத் துடைத்தாள், யோகமலர் தையலைப் பார்த்தாள். ‘அது என்ட அம்மாவின் கைவேலை,’ என்று மேனுகா நினைத்தாள். ‘அந்த அழகில் பாதி என்ட வீட்டிலிருந்து போனது.’

பிறகு மேனுகா இறங்கினாள். அப்போதுதான் அந்தப் பிளாஸ்ரிக் அட்டையின் குழாய்களுக்குள் இருப்பது காற்று என்பது எல்லோருக்கும் தெரியவந்தது. தொட்டியிலும் சரி, குழந்தைகளின் குளத்திலும் சரி, அது தெரிய வழியிருக்கவில்லை. வால் மிதந்தது. வால் மேலே போகப் போகத் தலை கீழே போயிற்று. தண்ணீருக்கு மேலே தெரிந்தவை இரண்டுதான்: மலரைப் பிடித்த கையும், வேட்பாளரின் சிரிப்பும்.

“இந்த ஆள் எலக்சன்ல தோத்தவரெல்லுவா?” என்று அல்பேட் மாமா கேட்டது அவளுக்கு நீருக்கடியிலும் கேட்டது.

அரைச் சுற்றில் செலீன்தான் பாய்ந்து அவளைத் தூக்கினாள். அதையும் செலீன்தான் செய்யவேண்டியிருந்தது.

அருமைநாதன் மலரை வாங்கித் தடவிப் பார்த்தார். “புத்தகம் நனையல்ல. பாராட்ட வேணும். ஆனா புள்ளதான் கொஞ்சம் தண்ணிக்குள்ள தாண்டு போயிற்று.” கொப்பியில் செலீனின் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார். “மேனுகா, நீ கவலைப்படாத. அண்டைக்கு மைக் வயர் பிடிக்க ஒரு ஆள் தேவை.”

ஒன்றுகூடலுக்கு ஒரு வாரம் இருக்கையில், இடுப்பு கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதென்று செலீனின் வால் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பி வந்தது. யோகமலர் பக்கத் தையலைப் பிரித்து, ஓர் அங்குலம் உள்ளே எடுத்துத் திரும்பத் தைத்தாள். தொழிற்சாலையில் மாதிரி உடுப்பைத் தைக்கும் வழக்கம் அவளுக்கு: பிறகு கூட்டவோ குறைக்கவோ வேண்டிவரும் என்பதற்காக முதலில் சங்கிலித் தையல் ஓட்டுவாள். ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி. முடிவிலுள்ள முடிச்சை அவிழ்த்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே மூச்சில் கழன்று வரும். “அடுத்த வருசம் கொஞ்சம் உடம்பு வைச்சாலும் விட்டுக் குடுக்கலாம்,” என்று சொல்லி முடிச்சைப் போட்டாள். அதுவும் ஒரு மரியாதைதான். மேனுகாவின் வாலுக்கு அப்படி யோசிக்கவில்லை. அதை இரட்டைத் தையல் போட்டு ஒரேயடியாக அடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை யோகமலர் மேலதிக வேலைக்குப் போனாள். சிவானந்தம் உணவகத்தில் வேலைக்கு. பின்பக்க பல்கனிக் கொடியில் அந்தப் பச்சை வால் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் அது மின்னிய மின்னலுக்கு எதிர்வீட்டுப் பல்கனியில் ஒரு கிரேக்கக் கிழவர் கதிரையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனுகா குளித்தாள். தேத்தண்ணீர் போட்டாள். நகம் வெட்டினாள். நகம் வெட்டியோடு பல்கனிக்கு வந்தாள்.

அவள் திட்டம் எளிமையானது. நியாயமானது என்றுகூட அவளுக்குத் தோன்றியது. முடிச்சு இல்லாவிட்டால் செலீன் வாலுக்குள் காலை நுழைக்கும்போதே தையல் விட்டுவிடும். உடுப்பு மாற்றும் அறையிலேயே, ஒருவருக்கும் தெரியாமல். ஐயோ இனி என்ன செய்வது என்று எல்லோரும் முழிப்பார்கள். அப்போது மேனுகா தற்செயலாகக் கொண்டுவந்திருக்கும் பருப்பு நிற வாலை எடுத்துக் கொடுப்பாள். மேனுகாவின் அளவுக்கு ஒரேயடியாக அடைத்த அது உயரமான செலீனுக்கு ஏறாது; மேனுகாதான் போட்டு இறங்கவேண்டிவரும். செட்டையின் அட்டையில் அப்பாவின் துளைபோடும் மெஷினால் நாற்பது ஓட்டை போட்டாயிற்று, இனி மிதக்காது. வேட்பாளருக்கு ஒரு பல்கூட மிஞ்சவில்லை.

நறுக்கென்று ஒரு சத்தம். கிரேக்கக் கிழவர் கையசைத்தார். மேனுகாவும் கையசைத்தாள்.

ஜூலை மாதத்து ஒன்றுகூடல், மொன்றியல் தீவுக்கு வெளியே வாடகைக்கு எடுத்த ஒரு முகாம் திடலில். ஒரு பக்கம் அடுப்பில் கோழி, ஒரு பக்கம் தலையணைச் சண்டை, நடுவில் இருபத்தைந்து மீற்றர் குளம். நூற்றைம்பது பேர் கரையில். மேனுகா மைக் வயரைப் பிடித்தபடி, காலடியில் ஒரு பெரிய பையோடு நின்றாள். உடுப்பு மாற்றும் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் ஓர் அலறல் கேட்கும்.

கதவு திறந்தது. அல்பேட் மாமாவும் சிவானந்தமும் கதிரையில் தூக்கிவர, செலீன் முழு வாலோடு வந்தாள். யோகமலரின் தையலைக் குறைத்து மதிப்பிட்டாயிற்று; முடிச்சு இல்லாமலும் அது பிடித்துக்கொண்டிருந்தது.

“அன்பார்ந்த மக்களே,” என்றார் அருமைநாதன் மைக்கில், “வாவியிலிருந்து வருகிறாள்!”

செலீன் மலரை உயர்த்திப் பிடித்தபடி இறங்கினாள். வால் ஒரு தரம் அடித்தது. இரண்டு தரம். மூன்றாவது அடியில் இடுப்பருகே ஒரு கண்ணி கழன்றது. பிறகு அது நிற்கவில்லை. குளத்தின் நடுவில், நூற்றைம்பது பேர் பார்த்திருக்க, கடற்கன்னி உரித்த வாழைப்பழம் போலத் திறந்துகொண்டாள். உள்ளே இருந்து கறுப்புக் காற்சட்டையோடு இரண்டு மனிதக் கால்கள் வெளியே வந்து உதைத்தன. காலிலிருந்து நழுவிய துடுப்போடு துணி பக்கத்தில் தனியாக மிதந்து போனது.

முதலில் சனம் கைதட்டியது. மீன் மனுசியாவது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். செலீன் கரைக்கு வந்து மலரைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பொத்தி அழத் தொடங்கியபோதுதான் அது நிகழ்ச்சியில் இல்லாதது என்று விளங்கியது.

ரொக்ஸ்பரோ மாமி நேராக யோகமலரிடம் வந்தாள். “என்ன மச்சாள் இது? பதினாலு வருசம் தைச்ச கை எண்டு நம்பித்தானே தந்த. நூற்றைம்பது பேருக்கு முன்னால புள்ளைய இப்பிடி நிப்பாட்டிட்டியே.”

பின்னாலிருந்து இன்னொரு குரல்: “நான் என்ட மகளின்ட கலியாணச் சட்டையை யோகமலரிட்டக் குடுப்பமெண்டு இருந்தன். நல்ல காலம்.”

மேனுகா இதை யோசிக்கவில்லை. அவளுடைய திட்டத்தில் செலீன் இருந்தாள், வால் இருந்தது, தான் இருந்தாள். தைத்தவள் அதற்குள் வரவேயில்லை.

யோகமலர் ஈர வாலைத் தூக்கித் தையல் முடிந்த இடத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நூல் நுனியை விரலால் உருட்டினாள். பிறகு தலை நிமிர்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை.

“என்ட பிழைதான் மச்சாள். முடிச்சுப் போட மறந்திட்டன்.”

மேனுகாவின் கையில் இருந்தது வயர்; வயரின் மறுநுனியில் மைக். ஒரு இழுவையில் மைக் தலைவரின் கையிலிருந்து அவளிடம் வந்தது.

“அம்மாவில பிழை இல்ல,” என்றாள். திடல் முழுக்கக் கேட்டது. கோழி பிரட்டுபவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். “அம்மா முடிச்சுப் போட்டவ. நான்தான் வெட்டினன்.”

ரொக்ஸ்பரோ மாமி நெஞ்சில் கை வைத்தாள். “பாருங்க... பாருங்க என்ட அண்ணன்ட புள்ளைய! தாயைக் காப்பாத்தத் தன்ட தலையில போடுது!”

“இல்ல மாமி. உண்மையா. போன சனிக்கிழமை ரெண்டரை மணிக்கு. நகம் வெட்டியால.”

“என்ன விவரமாச் சோடிக்குது பாருங்க,” என்றார் அருமைநாதன்.

“எனக்குப் பொறாமை! எட்டு வயசிலயிருந்து பொறாமை! அவள் இளவரசி, நான் தவளை!”

சனம் சிரித்தது. கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். பொறாமைப்படுகிறவள் அதை மைக்கில் சொல்வாளா? சொல்லமாட்டாள். ஆகவே இது பொய். பொய் என்றால் தியாகம். ஒன்றியத்தின் தர்க்கத்தில் ஓட்டை இருக்கவில்லை.

படம் எடுக்கிறவர் செலீனை விட்டுவிட்டு மேனுகாவின் பக்கம் திரும்பினார். அருமைநாதன் மைக்கை மெதுவாகத் திரும்ப வாங்கி, பிற நாட்டில் பிறந்தும் தாய்ப்பாசம் குன்றாத பிள்ளைகளைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். முடிவில், அடுத்த வருடம் கடற்கன்னி மேனுகாதான் என்று நிர்வாகக் குழுவைக் கேட்காமலே அறிவித்தார். யாரோ அவளுக்கு மாலை போட்டார்கள். அது செலீனுக்கென்று வாங்கிய மாலை.

செலீன் துவாயைப் போர்த்திக்கொண்டு குளத்தின் படியில் தனியாக இருந்தாள். அவள் மேனுகாவைப் பார்த்த பார்வை மேனுகாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்றாம் மாடிக் குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்த்தது.

“மச்சாள், நான் சொன்னது உண்மையடி,” என்றாள் கிட்டப்போய்.

“ஓம், ஓம்,” என்றாள் செலீன். “நீ நல்லவள். எல்லாருக்கும் விளங்கிட்டு. தள்ளி நில்லு, எனக்குக் குளிருது.”

சாப்பாட்டு வரிசையில் மேனுகாவுக்கு முன்னால் யோகமலர் நின்றாள். காகிதத் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“நகம் வெட்டியா?”

“ஓம்.”

“அதான் நூல் நசிஞ்சு கிடந்த. கத்தரிக்கோல் எண்டா சுத்தமா வெட்டும்.” தட்டில் சோறு விழுந்தது. “மச்சாளுக்கு நீ ஒரு புது வால் தைக்கிற. உன்ட கையால. நான் மெஷினில தொடவும் மாட்டன்.”

“சரிம்மா.”

“நல்ல துணியில.”

“சரி.”

“உனக்கு அதுக்குப் பொறகு பாப்பம்.”

ரொக்ஸ்பரோ மாமி ஒரு கோழிக்காலைக் கொண்டுவந்து மேனுகாவின் தட்டில் வைத்து, கன்னத்தைத் தடவி, பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னாள்: “எங்கட மேனுகா மாதிரி ஒரு புள்ள கிடைக்காது. பொய் சொல்லவும் தெரியாது. எவ்வளவு வடிவா அம்மாவுக்காகச் சொன்னது!” பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி தன் மகளைக் கூப்பிட்டு மேனுகாவைச் சுட்டிக் காட்டினாள்.

மேனுகா கழுத்து மாலையோடு, மென்றுகொண்டே கேட்டாள். அவர்கள் சொல்லும் அந்த மேனுகா எவ்வளவு நல்ல பெண். தாய்க்காக எதையும் செய்வாள், மச்சாளைத் துளியும் நோகடிக்கமாட்டாள். பதினொரு வருடம் மேடையில் நின்ற செலீனுக்கே இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. அந்த நல்ல மேனுகாவோ ஒரு வேலையும் செய்யாமல், ஒரு குளத்திலும் இறங்காமல், பத்து நிமிடத்தில் வந்து எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அநியாயம், என்று நினைத்தபடி மேனுகா கோழிக்காலைக் கடித்தாள்.